எரிந்ததும் எறிந்ததும்

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கோ ஒரு கிராமத்து வீட்டின் மூலையில் தூசி மூடிய பெட்டி. அதற்குள் உலகில் வேறெங்கும் கிடைக்காத ஒரு தட்டு. அதைக் கண்டெடுத்தவனின் கைநடுக்கம். ஆனால் அதே பெட்டிக்குள் இருந்த மற்ற ஐம்பது தட்டுகளுக்கும் என்ன நடந்தது என்று அநேகமாக யாரும் எழுதுவதில்லை. இந்தக் கட்டுரை எடுக்காமல் விடப்பட்ட அந்த ஐம்பது தட்டுகளையும் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது அமாண்டா பெற்றுசிச் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014இல் வெளியிட்ட 'டூ நொட் செல் அற் எனி பிறைஸ்' என்ற நூல். 'என்ன விலைக்கும் விற்காதே' என்று தமிழில் சொல்லலாம். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டுகளைத் தேடித் திரியும் மனிதர்களைப் பற்றியது. கீழே வைக்க மனம் வராத நூல்தான். ஆனால் அதன் உபதலைப்பே உலகின் மிக அரிதான தட்டுகளுக்கான வேட்டை என்றுதான் பேசுகிறது. வேட்டை என்று வந்துவிட்டால் தேடிப்போன மிருகத்தைத் தவிர காட்டில் மற்றது எதுவும் கண்ணில் படாது.

1

முதலில் இந்தத் தட்டு என்ற பொருளைப் பார்ப்போம். 1890களின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை (இந்தியாவில் அதற்குப் பிறகும் சில காலம்) வெளிவந்த தட்டுகள் அரக்கினால் ஆனவை. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது அரக்கு. அதோடு கல்லுத்தூளும் கரியும் நாரும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் தட்டு. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாக சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசி மக்கள் கொப்புகளிலிருந்து சுரண்டிச் சேர்த்தது. நியூயோர்க்கின் ஜாஸும் பாரிஸின் காதல் பாட்டும் அவர்கள் சேர்த்த அரக்கில்தான் பதிந்தன. அவர்களுடைய பெயர் எந்தத் தட்டின் லேபலிலும் இல்லை.

விழுந்தால் பீங்கான்போல் உடையும். பத்து அங்குலத் தட்டு ஒன்று ஏறத்தாழ 200 கிராம். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டு. நூறு தட்டு என்றால் 20 கிலோ. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. நூறு பீங்கானை உடையாமல் தூக்கி அடுக்குவதும் நூறு தட்டை அடுக்குவதும் ஒரே வேலை. ஐயாயிரம் தட்டு வைத்திருப்பவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இசை அல்ல, ஒரு தொன் பாரம்.

வேண்டாத தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? பெட்டியோடு வாங்கி, வேண்டிய இரண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியோடு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது பழைய வழக்கம். அடுத்தவர் ஒன்றை எடுப்பார். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் யாருக்கும் வேண்டாதவை மட்டுமே மிஞ்சிய பெட்டி தெருவுக்கு வரும். தருமக் கடைகள் பாரம் என்கின்றன. நூலகங்கள் தம்மிடம் ஏற்கெனவே ஒரு பிரதி உண்டு என்கின்றன. சுடுநீரில் போட்டு வளைத்துப் பூச்சாடி செய்தவர்கள் இருந்தார்கள். துப்பாக்கி பழகுகிறவர்கள் ஆகாயத்தில் எறிந்து சுட்டார்கள். நான் வேலை செய்யும் பாரிஸ் உணவகத்தில் பதினொரு தட்டுகளை நடு ஓட்டையில் ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை அவற்றின் தூசி துடைப்பது என் வேலை. அவற்றில் இரண்டின் லேபலில் இருப்பது அரபு எழுத்து. அது என்ன பாட்டு என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கறுப்பாகவும் வட்டமாகவும் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய கழிப்பு யுத்த காலத்தில் நடந்தது. 1942 ஏப்ரலில் அமெரிக்காவின் யுத்த உற்பத்திச் சபை, தட்டுக் கொம்பனிகள் அரக்கு உபயோகத்தை 70 வீதம் குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆசியாவில் யுத்தம், கப்பல் வருவது நிச்சயமில்லை, அரக்கு ஆயுத உற்பத்திக்கும் வேண்டும். உடனே வீடுவீடாகப் பழைய தட்டுகள் சேர்க்கப்பட்டன. உடைத்து அரைத்து உருக்கிப் புதிய தட்டு அழுத்தினார்கள். ஒரு பாட்டை உருக்கி அதன் மேல் இன்னொரு பாட்டு. அரக்கு மாளிகை எரிவதற்கென்றே கட்டப்பட்டது என்று பாரதத்தில் படித்திருக்கிறோம். அரக்குத் தட்டும் பிறக்கும்போதே உருகும் விதியோடுதான் பிறந்தது போலும்.

2

அடுத்தது 'வேண்டாதது' என்ற சொல். இது தட்டின் குணம் அல்ல என்பதைச் சேகரிப்பாளர்களின் வரலாறே காட்டுகிறது.

விஸ்கொன்சின் மாநிலத்தில் கதிரை செய்துகொண்டிருந்த ஒரு கொம்பனி 1917இல் பரமவுண்ட் என்ற பெயரில் தட்டு வெளியிடத் தொடங்கியது. 1920களில் கறுப்பின மக்களுக்கு விற்பதற்காகப் புளூஸ் பாடகர்களைப் பதிவுசெய்தது. மலிவான கலவை, இரைச்சலான ஒலி. பொருளாதார மந்தத்தில், 1930களின் ஆரம்பத்தில், அந்தத் தொழில் படுத்துவிட்டது. உலோக அச்சுகள் பழைய இரும்போடு போயின. வேலை இழந்த தொழிலாளர்கள் கோபத்தில் தட்டுகளை மில்வோக்கி ஆற்றில் எறிந்தார்கள் என்றொரு கதை உண்டு. பெற்றுசிச் சுழியோடப் பழகி அந்த ஆற்றின் அடியில் போய்த் தேடினார். தட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. நூலின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பரமவுண்டுக்காகப் பாடிய தட்டுகளை மந்த காலத்தில் வாங்க ஆளிருக்கவில்லை. அதனாலேயே மிகச் சில பிரதிகள் எஞ்சின. அதனாலேயே இன்று அவற்றுக்குப் பெரும் விலை. மாறாக, 1921இல் இறந்த இத்தாலியப் பாடகர் கறுசோவின் தட்டுகளை அந்தக் காலத்தில் பாட்டுப்பெட்டி வைத்திருந்த வீடெல்லாம் வாங்கியது. அதனால் இன்று அவற்றில் பெரும்பாலானவை பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அன்று எல்லோருக்கும் வேண்டியது இன்று வேண்டாதது. அன்று வேண்டாதது இன்று தங்கம்.

இதில் ஒரு அரசியலும் உண்டு. 1940களில் நியூயோர்க்கில் ஜேம்ஸ் மக்கியூன் என்ற மனிதர் வைஎம்சிஏ விடுதி அறையில், கட்டிலுக்கு அடியில் தட்டுகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தார். முந்நூறு வரையிலான தட்டுகள். தன் காதுக்கு உண்மையென்று பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பை என்று ஒதுக்கினார். அவரைச் சுற்றி உருவான, பெரும்பாலும் வெள்ளையரான, சேகரிப்பாளர் குழுவின் ரசனையே பின்னால் 'புளூஸின் வரலாறு' ஆகியது. எலிஜா வால்ட் 2004இல் எழுதிய நூல் இதைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. அன்றைய கறுப்பின மக்கள் விரும்பி வாங்கியது லிறோய் கார் போன்ற நாகரிகமான நகரப் பாடகர்களின் தட்டுகளை. இன்று தெய்வமாக்கப்பட்டிருக்கும் றொபேட் ஜோன்சனை அவர்களில் பெரும்பாலோர் கேட்டிருக்கவே இல்லை. யாருடைய பாட்டோ அவர்களுடைய விருப்பம் குப்பைப் பெட்டிக்குப் போனது; சேகரித்தவர்களின் விருப்பம் வரலாறாகியது.

இதற்காகச் சேகரிப்பாளர்களைத் திட்டுவது சுலபம். அது நியாயம் அல்ல. மேரிலாந்தில் 2022இல் இறந்த ஜோ பசார்ட், மலைக் கிராமங்களில் கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த பதினைந்தாயிரம் தட்டுகளைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சிறு தொகைக்குக் கசற்றில் பதிந்து தபாலில் அனுப்பினார். அவர் தேடாவிட்டால் பல குரல்கள் இல்லாமலே போயிருக்கும். நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு தெரிவும் ஒரு கழிப்பு. தெரிவுக்குப் புத்தகம் எழுதுகிறோம். கழிப்புக்குக் கணக்கே வைப்பதில்லை.

3

இனி, எம்மைப் போன்றவர்களின் தட்டுகள்.

ஹரி ஸ்மித் என்பவர் யுத்த காலத்தில் மலிவாகக் கழிக்கப்பட்ட தட்டுகளை வாங்கத் தொடங்கி, அவற்றிலிருந்து 84 பாடல்களைத் தெரிந்து 1952இல் 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு' என்று வெளியிட்டார். அமெரிக்க இசையின் போக்கையே மாற்றிய தொகுப்பு என்பார்கள். உண்மைதான். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று அவர் குறிக்கவில்லை என்பதும் அந்தக் காலத்தில் பெரிய விடயம். ஆனால் அந்த 84இல் ஆங்கிலம் தவிர இருப்பது லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சுப் பாடல்கள் சிலவே. அதே வருடங்களில், அதே கொம்பனிகள், அதே நியூயோர்க்கில் கிரேக்கம், ஆர்மேனியம், உக்ரேனியம், யிடிஷ், அரபு, துருக்கி, போலிஷ் என்று எத்தனையோ மொழிகளில் ஆயிரக்கணக்கான தட்டுகளை வெளியிட்டிருந்தன. கொலம்பியா கொம்பனி இதற்கென்றே 'ஈ' என்ற எழுத்தில் தொடங்கும் தனி இலக்க வரிசை வைத்திருந்தது. குடியேறிகள் மேல் அன்பினால் அல்ல. பாட்டுப்பெட்டி விற்க வேண்டுமானால் வாங்குகிறவனின் மொழியில் பாட்டு வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு.

அந்தத் தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் பெட்டியில் கண்டால் ஒதுக்கினார்கள். லேபலை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதது குப்பை. இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் ரிச்சட் ஸ்பொட்ஸ்வுட். 1893 முதல் 1942 வரை அமெரிக்காவில் வெளிவந்த குடியேறி மக்களின் தட்டுகளை மொழி மொழியாக, இலக்கம் இலக்கமாகப் பட்டியலிட்டு 1990இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அழகான வசனம் ஒன்றும் அதில் இல்லை. பெயர், திகதி, இலக்கம். அவ்வளவுதான். எனக்கு ஹரி ஸ்மித்தின் 84 பாடல்களைவிடப் பெரிய காரியமாகத் தெரிவது இந்தப் பட்டியல்.

பிறகு இயன் நகோஸ்கி வந்தார். மற்றவர்கள் தொடாத மலிவுப் பெட்டிகளுக்குள் அந்நிய எழுத்துள்ள தட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார். 2011இல் அவர் வெளியிட்ட 'ரு வற் ஸ்றேஞ்ச் பிளேஸ்' என்ற தொகுப்பு, ஒட்டோமன் பேரரசிலிருந்து சிதறி அமெரிக்கா வந்த மக்களின் குரல்களைக் கொண்டது. அதில் மரிக்கா பப்பகிக்கா என்ற கிரேக்கப் பாடகியின் குரல் உண்டு. கோஸ் தீவில் பிறந்து, 1915இல் அமெரிக்கா வந்து, 1918இலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் பாடிப் பதிந்தவர். 1925இல் கணவரோடு சேர்ந்து நியூயோர்க்கின் 34ஆம் வீதியில் ஒரு இரவு விடுதி நடத்தினார். கிரேக்கர்கள் மட்டுமல்ல, ஆர்மேனியரும் துருக்கியரும் அரபிகளும் அங்கு வந்தார்கள். ஊரில் ஒருவரையொருவர் கொன்ற இனங்கள், வேலை முடிந்த இரவில் ஒரே மேசையில் இருந்து ஒரே பாட்டைக் கேட்டிருக்கின்றன. 1929இன் பொருளாதார வீழ்ச்சியோடு எல்லாம் முடிந்தது. 1943இல் இறந்தார். மற்ற சேகரிப்பாளர்களுக்கு அவருடைய தட்டு பெட்டியின் அடியில் கிடக்கும் அந்நியச் சரக்குத்தான்.

சபெல் பனோசியன் என்ற ஆர்மேனியப் பெண் 1917இல் கொலம்பியாவுக்காக 'குறுங்' என்ற பாட்டைப் பாடினார். குறுங் என்றால் கொக்கு இனத்துப் பறவை. நாட்டைவிட்டு வந்தவன் அந்தப் பறவையிடம் ஊர்ச் செய்தி கொண்டுவந்தாயா என்று கேட்கும் பாட்டு. 1915இன் படுகொலைகளுக்கு இரண்டு வருடங்கள் கழித்து அதைக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. குளிரில் நடுங்கியபடி நாரையை அழைத்து மனைவிக்குச் செய்தி சொல்லிவிட்ட சத்திமுத்தப் புலவர் எம்மிடமும் உண்டு. பனோசியன் 1986 வரை உயிரோடு இருந்தார். ஆனால் அவரைப் பற்றிய நூல் ஒன்று, நகோஸ்கியும் வேறு இரு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது, 2022இல்தான் வந்தது. அதே 2022 ஜனவரி 1இலிருந்து, 1923க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகின. அந்தப் பாட்டு இப்போது எல்லோருக்கும் சொந்தம்.

பாரிஸிலும் இதுவே கதை. தொழிற்சாலையிலும் மெட்றோவிலும் வேலை செய்து, கபே நடத்தி, கபில் மொழியில் நாடற்றவனின் துயரைப் பாடிய சுலிமான் அசெம்மின் தட்டுகள் இந்த நகரத்தில்தான் விற்றன. வாங்கியவர்கள் வடஆபிரிக்கத் தொழிலாளர்கள். எங்கள் உணவகச் சுவரில் ஆணியில் தொங்குவதும் அப்படி ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டாக இருக்கலாம்.

இவை 'வேண்டாதவை' ஆனது எப்படி? கறுசோவைப்போல் அளவுக்கு மிஞ்சி விற்றதால் அல்ல. ஸ்கிப் ஜேம்ஸைப்போல் விற்காமல் போனதாலும் அல்ல. உயிரைப்போல் விரும்பியவர்கள் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு மொழி போனது. லேபலை வாசிக்க ஆளில்லாமல் போனது. தட்டு அப்படியேதான் இருந்தது. அறுந்தது உறவு.

4

தெரிவதே பிழை என்றால் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன? அதையும் செய்து பார்க்கிறார்கள். பிரேசிலில் பஸ் கொம்பனி முதலாளி சேரோ பிறைற்றாஸ், உலகெங்கும் யாருக்கும் வேண்டாத சேகரிப்புகளை லட்சக்கணக்கில் வாங்கிச் சாவோ பவுலோவில் களஞ்சியங்களை நிரப்பினார். பிற்ஸ்பேர்க்கில் போல் மவ்ஹினி என்பவர் ஏறத்தாழ முப்பது லட்சம் தட்டுகளை வைத்துக்கொண்டு பல வருடங்கள் வாங்க ஆளில்லாமல் இருந்தார். அவற்றையும் 2013இல் பிறைற்றாஸ்தான் வாங்கினார். ஆனால் வாங்கும் வேகத்துக்குப் பட்டியல் எழுத முடியவில்லை. பட்டியல் இல்லாத களஞ்சியம் வாடகை கட்டிய குப்பைமேடு. சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் அதுதான் உண்மை.

இன்ரர்நெற் ஆர்க்கைவ் நிறுவனத்தின் 'கிறேற் 78' திட்டம் இதைவிட மேல். வேண்டாத தட்டுகளைப் பெட்டி பெட்டியாக ஏற்று, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஊசிகளால் ஒலிபெயர்த்து, லேபலைப் படம் பிடித்து, யாரும் கேட்கும்படி வைத்தது. இலட்சக்கணக்கான பதிவுகள். பொஸ்ரன் பொது நூலகம் 2017இல் தன் தட்டுகளை இதற்குக் கொடுத்தது. 2023 ஓகஸ்டில் பெரிய இசைக் கொம்பனிகள் வழக்குப் போட்டன. 2025 செப்டெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. வழக்கில் பெயர் சொல்லப்பட்டவர்களைப் பாருங்கள்: பிங் கிறோஸ்பி, சினாற்றா, எல்லா பிற்ஸ்ஜெரால்ட். சந்தையில் இன்றும் விலைபோகிறவர்கள். ஆர்மேனியக் கொக்குக்காக யாரும் வழக்குப் போடவில்லை. சொத்துரிமைகூட வேண்டியவர்களைத்தான் தேடி வருகிறது.

5

தமிழ்த் தட்டுகளுக்கு நல்ல காலம் சிறிது உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்தார். 1990இல் மும்பையில் இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. ஸ்டீபன் ஹியூஸ் தமிழ்நாட்டின் கிராமபோன் வரலாற்றை ஆய்வாக எழுதியிருக்கிறார். மறுபக்கத்தில், பழைய புத்தகத்துக்கும் தட்டுக்கும் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது.

எரிந்தவற்றைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை எழுதாத புலம்பெயர் சஞ்சிகை இல்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் எறிந்தவற்றைப் பற்றி நாம் எழுதுவதில்லை. எரித்தவன் வேறு ஆள், எறிவது நாம்.

இங்கு தட்டின் இடத்தில் கசற். 1980களிலும் 90களிலும் கடிதம் எழுத முடியாத தாய்மார் கசற்றில் பேசி அனுப்பினார்கள். எங்கள் அறையில் இருந்த வயதான ஒருவர் காலமானபோது அவருடைய சூட்கேசில் பதினான்கு கசற்றுகள் இருந்தன. வேறு நாட்டில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசினேன். "எறிஞ்சு விடுங்கோ அண்ணை, இப்ப அதையெல்லாம் ஆர் கேக்கிறது" என்றார். அவரில் பிழையில்லை. அவர் வீட்டில் கசற் போடப் பெட்டியும் இல்லை, அந்தப் பேச்சை விளங்கும் பிள்ளைகளும் இல்லை. கேட்டுப் பார்த்தேன். மழை பெய்தது, பசு கன்று போட்டது, இன்னாரின் பெடியனைக் காணவில்லை, சாப்பிட்டாயா. ஒரு பக்கம் முப்பது நிமிடம். எந்தச் சேகரிப்பாளரும் இதற்கு ஒரு சதமும் தரமாட்டார்.

இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் பல்கலைக்கழகப் படிப்பில், விமர்சனம் என்றால் தெரிவு என்று சொல்லித் தந்தார்கள். நல்லதை எடு, மற்றதை விடு. அது அரைவாசி உண்மை. விடும்போது எதை விடுகிறோம் என்று எழுதி வைப்பது மற்ற அரைவாசி. ஸ்பொட்ஸ்வுட் செய்தது அதைத்தான். எல்லாவற்றையும் காப்பாற்ற எவராலும் முடியாது. எங்கள் அறைகள் சிறியவை, வேலை நேரம் நீண்டது. எறிய வேண்டியதை எறியத்தான் வேண்டும். ஆனால் எறிவதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாருடைய குரல், எந்த ஊர், எந்த வருடம், யாருக்குச் சொன்னது. நாலே வரி. நகோஸ்கியைப் போல் ஒருவர் எண்பது வருடம் கழித்து வந்தால் அவருக்கு அந்த நாலு வரி போதும்.

அந்தப் பதினான்குக்கும் நான் அப்படிப் பட்டியல் எழுதி முடித்திருக்கிறேன். மகனின் சம்மதத்தோடு கசற்றுகள் என்னிடமே இருக்கின்றன. இரண்டில் மட்டும் பேசுவது யார் என்று தெரியவில்லை. வடமராட்சிப் பக்கத்துப் பேச்சு, வயதான பெண் குரல், பின்னால் ஒரு கோயில் மணி. 1988 என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் பாரிஸுக்குக் கசற் அனுப்பிய அல்லது பெற்ற யாராவது இதை வாசித்தால் சஞ்சிகையின் முகவரிக்கு எழுதுங்கள். வந்து கேட்கலாம்.